செவிலியும் தாயே

சென்ற திங்கள் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து, விரித்த பாய்களைச் சுருட்டிக் கொண்டிருந்த வேளையில், கஞ்சிக்கோட்டு ஆலையொன்றில் பணிபுரியும் சகோதரி ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய ஆறு வயது மகன் அதற்குள் கொடிக்கம்பத்தில் பாதி ஏறி இறங்கி, தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்து, வாயிலில் கிடந்த செருப்புகளையெல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டு, அடுத்து எதையோ நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தவாறே அந்தத் தாய் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"அண்ணா, காலை ஏழு மணிக்குப் போனால் இருட்டின பிறகுதான் வீடு திரும்புகிறேன். இவன் அங்கன்வாடியிலும் அடுத்த வீட்டிலுமாக வளர்ந்த பிள்ளை. பெற்றவள் கையில் வளராததால்தான் இப்படி ஆகிவிட்டான் என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். மெய்தானா?"

நாம் அன்று விடை கூறவில்லை. கூற இயலாமையினால் அன்று. அதே வினா நம் இல்லத்திலும் மூன்றாண்டு காலம் அடுப்படியிலும் படுக்கையிலும் கிடந்து நம்மை வருத்தியதனால், நின்ற நிலையில் இரண்டு சொற்களில் விடையிறுக்க மனம் வரவில்லை. எனவே இத்திங்கள் இப்பகுதியை அச்சகோதரிக்கே உரியதாக்குகின்றோம். அவரைப் போன்றோர் நம்மிடையே பலர் உளர் என்பதை அறிவோம்.

முதற்கண் நம் நிலைமையை எண்ணிப் பார்ப்போம். வாளையாற்றுக்கு அப்பால் நம் பாட்டன்மார் வாழ்ந்த வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால், அதைப் பார்த்துக்கொள்ளப் பன்னிரண்டு கண்கள் இருந்தன. தாய் களத்துக்குப் போனால் அப்பத்தா. அப்பத்தா கண்ணயர்ந்தால் அத்தை. அத்தை தண்ணீருக்குப் போனால் திண்ணையில் தாத்தா. பிள்ளை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிக்கொண்டேயிருந்தது. அதைக் குறை என்று எவரும் கூறியதில்லை. பிழைப்பை நாடி நாம் எலப்புள்ளிக்கு வந்தோம். பனைமரங்களும் வயல்களும் கணவாய்க் காற்றும் நம் ஊரை நினைவூட்டுகின்றன. ஆனால் அந்தப் பன்னிரண்டு கண்கள் உடன் வரவில்லை. இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் இரண்டே பேர். இருவரும் வேலைக்குச் செல்வோர். அத்தை இருந்த இடத்தில் இன்று அங்கன்வாடி ஆசிரியை இருக்கிறார். அப்பத்தா இருந்த இடத்தில் அடுத்த வீட்டு மலையாள மூதாட்டி இருக்கிறார். கை மாறுவது புதிதன்று. அந்தக் கை உறவினர் கையாக இல்லாததே புதிது. நம் நெஞ்சு உறுத்துவதும் அதனால்தான்.

நம் பழைய இலக்கியம் இவ்வகையில் நம்மைவிடப் பரந்த மனம் கொண்டிருந்தது. பெற்றவளை 'நற்றாய்' என்றும், வளர்த்தவளைச் 'செவிலி' என்றும் இரு பெயரிட்டு, இருவரையும் அகப்பாட்டில் பேச வைத்தனர் நம் முன்னோர். மகள் பிரிந்து சென்றபோது நற்றாய் அழுததுபோலவே செவிலியும் அழுதாள். தேடிக்கொண்டு பாலை வழியே நடந்தவளும் செவிலியே. தலைவியின் உயிர்த்தோழி அச்செவிலியின் மகளே எனத் தொல்காப்பியம் வகுத்தது. செவிலி கையில் வளர்ந்ததால் தலைவி கெட்டாள் என்று எப்புலவரும் பாடியதாக நாம் அறியோம்.

இனி, நம் இல்லத்து நிகழ்ச்சிக்கு வருவோம். நம் மகனுக்கு இப்பொழுது ஒன்பது வயது. நாம் பாலக்காட்டில் ரயில்வே எழுத்தர். துணைவியார் தனியார் ஆலையில் பணியாற்றுகின்றார். மகன் மூன்று வயது முதல் அங்கன்வாடிக்குச் சென்றான். பின்னர்ப் பள்ளி விட்டதும், அவன் 'முத்தச்சி' என்றழைக்கும் அடுத்த வீட்டு மூதாட்டியிடம் இருந்தான். அவனால் ஓரிடத்தில் அமர முடியாது. கேட்ட கேள்விக்கு விடை வருமுன் அடுத்த கேள்வி பிறந்துவிடும். நோட்டுப் புத்தகத்தை ஒரு மாதத்தில் மூன்று முறை தொலைத்தான். இரண்டாம் வகுப்பில் ஆசிரியை நம்மை அழைத்து, "கெட்ட பிள்ளையல்லன்; ஆனால் அவன் மனம் அவனிடத்தில் நிற்பதில்லை. ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்," என்றார்.

அன்றிரவு முதல் நம் இல்லத்தில் ஒரு வழக்குமன்றம் கூடிற்று. துணைவியார் தம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டார். ஊரிலிருந்து வந்த நம் அன்னையார், "கண்டவர் கையில் சோறு தின்ற பிள்ளை பின் எப்படி இருக்கும்?" என்று தீர்ப்பே கூறிவிட்டார். நாமோ, 'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழியை நம்பி இரண்டொரு நாள் கைநீட்டினோம். அடித்ததனால் அவன் அடங்கவில்லை. நம்மைக் கண்டு அஞ்சத் தொடங்கினான், அவ்வளவே. அதனை எழுத இன்றும் கை கூசுகின்றது.

ஒரு மாலை அவன் முத்தச்சியின் வீட்டு மதிலிலிருந்து குதித்து நெற்றியில் அடிபட்டுக்கொண்டான். வேலையிலிருந்து வந்த நாம், குருதி படிந்த துணியைக் கண்டதும், "ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியவில்லையா?" என்று அம்மூதாட்டியைக் கேட்டுவிட்டோம். அவர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. மறுநாள் அவர் வாயில் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் திறக்கவில்லை. துணைவியார் வேலையை விட்டு நிற்பதாகக் கடிதம் எழுதி அரிசி டின்னுக்கடியில் வைத்திருந்தார் என்பதும் அப்பொழுதுதான் நமக்குத் தெரிந்தது.

அந்நிலையில்தான் மருத்துவரிடம் சென்றோம். அவர் ஒரே நாளில் முடிவு கூறவில்லை. மூன்று முறை வரச் செய்தார். வீட்டில் எப்படி, பள்ளியில் எப்படி என்று தனித்தனியே வினாத்தாள்கள் தந்து, பெற்றோர் இருவரிடமும் ஆசிரியையிடமும் எழுதி வாங்கினார். கண்பார்வை, செவித்திறன், உறக்கம் ஆகியவற்றையும் பார்த்தார். பின்னரே, இது ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகைச்செயலும் கூடிய நிலை என்றார்.

இந்நிலையைப் பற்றி நாம் அறிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாகக் கூறுவோம்.

இது புதிதாகத் தோன்றிய நாகரிக நோயன்று. 1798-ஆம் ஆண்டிலேயே அலெக்சாண்டர் கிரைட்டன் என்னும் மருத்துவர், கவனம் நிலைகொள்ளாத இயல்பைப் பற்றி எழுதினார். 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார்; செவ்வையாக வளர்க்கப்பட்ட இல்லங்களிலும் இவர்கள் உண்டு என்பதை அவர் அன்றே கண்டார். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கின், 100 பிள்ளைகளுள் ஏறத்தாழ 5 பேருக்கு இது காணப்படுகின்றது. ஒரு வகுப்பறைக்கு ஒருவர் இருவர் எனலாம்.

துள்ளித் திரியும் பிள்ளைகள் யாவரும் இந்நிலை உடையோர் அல்லர். அறிகுறிகள் ஆறு மாதமேனும் நீடிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்னரே சில தோன்றியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என ஓரிடத்துக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட வேண்டும். வாழ்க்கைக்கு இடையூறாகவும் இருக்க வேண்டும். பள்ளியில் அமைதியாயிருந்து வீட்டில் மட்டும் குறும்பு செய்யும் பிள்ளைக்கு இப்பெயரிட அவசரப்படலாகாது. துள்ளாமல் சன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும், சிறப்பாகப் பெண் பிள்ளைக்கும், கவனக்குறைவு மட்டும் இருக்கக்கூடும். அவள் எவருக்கும் தொல்லை தராததால் எவர் கண்ணிலும் படுவதில்லை.

காரணம் யாது? இங்கேதான் அச்சகோதரியின் வினாவுக்கு விடை இருக்கின்றது. இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தோர், இந்நிலையில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேற்றுமையில் 100-க்கு 70 பங்கிற்கு மேல் பரம்பரையைச் சார்ந்தது எனக் கண்டனர். குறைமாதப் பிறப்பும் குறைந்த பிறப்பெடையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. சர்க்கரை தின்றதால் வருவதன்று. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக இரு மொழி கேட்டதால் வருவதன்று. அங்கன்வாடியில் விட்டதாலும் வருவதன்று.

மருத்துவர் இதனை விளக்கிவிட்டு, நம்மை நோக்கி, "நீங்கள் சிறுவயதில் எப்படி இருந்தீர்கள்?" என்று கேட்டார். நாம் விடை கூறத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டோம். எத்தனை முறை பெஞ்சின்மேல் நின்றோம், எத்தனை தேர்வுகளில் கடைசிப் பக்கத்து வினாவைப் பார்க்காமலே தாளைக் கொடுத்தோம், பத்தாம் வகுப்போடு நம் படிப்பு ஏன் நின்றது என்பனவெல்லாம் ஒருங்கே நினைவுக்கு வந்தன. முத்தச்சியின் கையில் தேடிய குற்றம் நம் குருதியிலேயே இருந்திருக்கிறது! மருத்துவர் நம் முகத்தைக் கண்டு, "கண்ணின் நிறத்தைக் கொடுத்ததற்கு யாரேனும் மன்னிப்புக் கேட்பார்களா? அதுபோலத்தான் இதுவும்," என்றார்.

பெற்றோரைக் குற்றவாளியாக்கும் வழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஆட்டிசம் என்னும் நிலையை 1943-ல் முதன்முதல் விரிவாக எழுதியவர் லியோ கானர். அதற்குப் பின் கால் நூற்றாண்டுக் காலம், அன்பற்ற தாயே இதற்குக் காரணம் என்று மேல்நாட்டில் கற்றோரே கூறி வந்தனர். புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் அக்கருத்தை நூலாகவே எழுதினார். ஆட்டிசமுடைய மகனைப் பெற்ற பெர்னார்டு ரிம்லண்டு 1964-லேயே அதை மறுத்திருந்தார். கடைசியில் 1969-ல் கானரே பெற்றோர் கூடிய அவையில் நின்று, அவர்கள்மேல் குற்றமில்லை என்று கூறினார். அதற்குள் எத்தனை தாய்மார் கண்ணீர் வடித்திருப்பர்! படித்தவர்களே அவ்வாறு பிழைத்தனர் என்றால், ஊர்த் திண்ணையில் பேசுவோரை நாம் எவ்வளவுதான் நொந்துகொள்வது?

ஆயினும், பிறர் கையில் விடுவதைப் பற்றி எதுவுமே எண்ண வேண்டுவதில்லை என்று நாம் கூறவில்லை. அமெரிக்காவில் 1991-ல் பிறந்த 1,300-க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பத்து இடங்களில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். நல்ல பராமரிப்பில் இருந்த பிள்ளைகள் மொழியிலும் அறிவிலும் சற்றே முன்னின்றனர். நெடுநேரம் காப்பகத்தில் இருந்தோரிடம் முரட்டுத்தனம் சற்றே மிகுந்திருந்தது. எனினும் அது பெரும்பாலும் இயல்பான எல்லைக்குள்ளேயே இருந்தது. இரண்டையும்விட வீட்டின் தன்மையே பிள்ளையை மிகுதியாக உருவாக்கிற்று. மற்றொரு செய்தியும் உண்டு. ருமேனியா நாட்டு அநாதை இல்லங்களில், தூக்கி எடுக்க ஆளின்றித் தொட்டிலிலேயே கிடந்த குழந்தைகள் 1989-க்குப் பின் இங்கிலாந்துக்குத் தத்தெடுத்துக் கொண்டுவரப்பட்டனர். அங்கே ஆறு மாதத்துக்கு மேல் கிடந்தவரிடம் கவனக்குறைவும் அமைதியின்மையும் மிகுதியாகக் காணப்பட்டன. ஒருவர் மடியும் இல்லாமையே பிள்ளையைக் கெடுக்கும். மற்றொருவர் மடி இருப்பது கெடுக்காது. ஆகவே நாம் கேட்க வேண்டிய வினா, 'பெற்றவள் கையா, பிறர் கையா?' என்பதன்று, 'அந்தக் கை அன்புள்ளதா, நாள்தோறும் அதே கையா?' என்பதேயாகும்.

அங்கன்வாடியின் பிறப்பும் இதனையே காட்டுகின்றது. தாராபாய் மோடக் அம்மையாரும் அனுதாய் வாக் அம்மையாரும் மகாராட்டிரத்தில், பள்ளிக்கு வர இயலாத பழங்குடிப் பிள்ளைகளின் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுசென்றனர். முற்றம் என்னும் பொருளில்தான் அப்பெயர் வந்தது. 1969-ல் டில்லியில், கட்டட வேலை செய்யும் தாய்மாரின் குழந்தைகள் வெயிலில் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன் அம்மையார், வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு காப்பகம் தொடங்கினார். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. இடுக்கி மலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளும் நம் சகோதரிகளின் பொருட்டு, 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் காப்பகத்தைக் கட்டாயமாக்கிற்று. இவையெல்லாம் தாய் செய்த பிழைக்குப் பரிகாரமாகப் பிறந்தவை அல்ல. உழைக்கும் தாய்க்கு நாடு கொடுக்கவேண்டிய கடனாகப் பிறந்தவை.

நம் ரயில்வேயில் பெண் ஊழியர்க்குப் பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 2008-ல் வந்தது. 2018-ல் அது, துணையின்றித் தனித்துப் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியர்க்கும் விரிந்தது. நம்மைப் போன்ற தந்தைக்கு அது இல்லை. பிள்ளைக்குக் குறை என்றால் நிற்கவேண்டியவள் தாய் என்று விதிகளும் எண்ணுகின்றன போலும்! ஆகவே குற்றவுணர்வும் அவள் தலையிலேயே விழுகின்றது. தந்தைமார் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனிச் செய்யத்தக்கன யாவை? ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, பெற்றோர் நடத்தைப் பயிற்சி பெறுதலே முதல் மருந்து என்று மருத்துவர் கூறுவர். அப்பயிற்சியில் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. அதுவும் அருகில் சென்று, முகம் பார்த்து. நல்லது செய்தால் அந்நொடியே பாராட்டு. வீட்டுப் பாடம் பத்துப் பத்து நிமிடங்களாக, இடையில் ஓடியாட அனுமதி. எழுவது முதல் உறங்குவது வரை படம் வரைந்து சுவரில் ஒட்டிய ஒரு கால அட்டவணை. வகுப்பில் முன் வரிசை. பெரிய பிள்ளைகளுக்குத் தேவையாயின் மருத்துவர் மெத்தில்பெனிடேட் போன்ற மாத்திரை தருவார். அது பசியையும் உறக்கத்தையும் குறைக்கக்கூடுமாதலின் எடையும் உயரமும் அளந்துகொண்டே வர வேண்டும். மாத்திரை கொடுப்பதும் குற்றமன்று. வேண்டாவிடத்து மறுப்பதும் குற்றமன்று. மருத்துவரைக் கேளாமல் தொடங்குவதும் நிறுத்துவதுமே குற்றம்.

அரசு வழியையும் அறிந்துகொள்க. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 30 வகைக் குறைகளுக்குப் பரிசோதனை உண்டு, ஏ.டி.எச்.டி.யும் அவற்றுள் ஒன்று. அங்கன்வாடியில் அல்லது பள்ளியில் கேட்டால், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு வழி காட்டுவர். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளுள் ஏ.டி.எச்.டி. தனியே பெயர் சொல்லப்படவில்லை; கற்றல் குறைபாடு உண்டு. இரண்டும் ஒரு பிள்ளையிடத்தே சேர்ந்திருத்தல் அரிதன்று. ஆகையால் அதனையும் சோதிக்கச் சொல்லுங்கள். சோதிக்கும்போது, பிள்ளைக்கு எம்மொழி நன்கு தெரியும் என்பதை முதலிலேயே கூறுங்கள். மலையாளம் புரியாத தமிழ்ப் பிள்ளையை மந்தபுத்தி என்று எவரும் எழுதிவிட இடம் தரலாகாது.

எல்லாவற்றினும் மேலாக நமக்குப் பயன்பட்டது ஒரு நாற்பது பக்க நோட்டு. ரயில்வேயில் ஒருவர் பணி முடித்துப் போகும்போது, வருபவரிடம் நிலைமையை எழுதி ஒப்படைத்துவிட்டே போவார். வண்டியை ஓட்டுபவர் ஒருவராயினும், நிலைய அதிகாரி, பின்பெட்டியில் வருபவர், விடியுமுன் தண்டவாளத்தோடு நடந்து பார்க்கும் கீமேன் எல்லாரும் சேர்ந்தே அதனை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கின்றனர். அதுபோல் நம் மகனுக்கும் ஓர் ஒப்படைப்பு நோட்டு வைத்தோம். 'இரவு உறங்கவில்லை', 'இன்று கணக்கு முழுதும் செய்தான்', 'மாலையில் அழுதான், காரணம் தெரியவில்லை' எனத் துணைவியாரும் ஆசிரியையும் நாமும் எழுதுகிறோம். வீட்டுக்கொரு விதி, பள்ளிக்கொரு விதி என்றில்லாமல், மூன்றிடத்திலும் ஒரே விதி நடக்கின்றது.

அந்நோட்டைத் தொடங்குமுன் ஒரு கடமை எஞ்சியிருந்தது. நாம் முத்தச்சியின் வாயிலில் போய் நின்றோம். "முத்தச்சி, பிழை எம்முடையது," என்றோம். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லாதிருந்து, பின்னர்த் தம் மொழியில், "நான் குறை வைத்தேன் என்று நினைத்தாயா, மகனே?" என்று மட்டும் கேட்டார். நம் குற்றவுணர்வை நாம் நல்ல பெற்றோர் என்பதற்குச் சான்றாக எண்ணியிருந்தோம். அது நம் பிள்ளைக்குச் சோறூட்டிய ஒருவரை இழிவு செய்துகொண்டிருந்தது என்பது அன்றே விளங்கிற்று. 'அவர் கையில் வளர்ந்ததால் கெட்டான்' என்னும் சொல்லில், அவர் கை கெட்ட கை என்னும் பொருளும் அடங்கியிருக்கின்றதன்றோ?

அவர் எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் நோட்டில் அவருக்கும் ஒரு பக்கம் உண்டு. அவர் சொல்ல, நம் மகன் எழுதுகின்றான். அவன் ஓரிடத்தில் அமர்ந்து எழுதும் நெடிய எழுத்து அதுவே. அரிசி டின்னுக்கடியில் இருந்த கடிதத்தைத் துணைவியார் அடுப்பில் இட்டுவிட்டார்.

மகன் இன்றும் துள்ளுகின்றான். இன்றும் நோட்டுப் புத்தகம் தொலைகின்றது, மாதம் மூன்று என்பது ஒன்றாயிற்று. முற்றும் மாறிவிட்டான் என்று கூறி உங்களை ஏமாற்ற மாட்டோம். ஆனால் இப்பொழுது அவன் நம்மைக் கண்டு அஞ்சுவதில்லை.

சகோதரி, உங்கள் வினாவுக்கு விடை இதுவே: அல்ல. உங்கள் உழைப்பால் உங்கள் மகன் கெடவில்லை. அவனை மருத்துவரிடம் காட்டுங்கள். அவனைப் பார்த்துக்கொள்ளும் அடுத்த வீட்டம்மையாருக்கு, இன்று மாலை வீடு திரும்பியதும், ஒரு நன்மொழி கூறுங்கள். அடுத்த கூட்டத்துக்கு மூவருமாக வாருங்கள். அவனுக்கு ஏறுவதற்குக் கொடிக்கம்பம் அங்கேயே இருக்கும், கீழே நின்று பார்த்துக்கொள்ள நாமும் இருப்போம்.